தண்ணீர் தேறியது, முன்மொழிவு தோற்றது: டுவூம்பா 2006

2006 ஜூலை 29 அன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டுவூம்பா நகர மக்கள் ஒரே ஒரு கேள்விக்கு வாக்களித்தார்கள். சுத்திகரித்த மறுசுழற்சி நீரைக் கூபி அணை வழியாக ஊரின் குடிநீரில் சேர்க்க ஆதரவா, இல்லையா? ஏறக்குறைய 62 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். ஊர் அப்போது பல ஆண்டு வறட்சியில் காய்ந்து கிடந்தது. அணைகள் இறங்கிக்கொண்டே வந்தன, நீர்க் கட்டுப்பாடுகள் ஒவ்வொரு படியாக இறுகின. தொழில்நுட்பமும் புதிதல்ல. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் சேர்த்து வந்தது. சிங்கப்பூர் 2003-இல் தொடங்கிவிட்டது.

மக்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று சொல்லி இந்தக் கோப்பை மூடிவிடலாம். அப்படி மூடுபவர்கள் அடுத்த ஊரிலும் தோற்பார்கள். டுவூம்பாவில் தோற்றது முன்மொழிவு போய்ச் சேர்ந்த வரிசை. பணம் தருபவர் காதுக்கு அது முதலில் எட்டியது, தண்ணீர் குடிப்பவர் காதுக்குக் கடைசியில் எட்டியது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

திட்டம்

டுவூம்பா கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பிரிஸ்பேனுக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டரில், மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிறது. பெரிய ஆறு அருகில் இல்லை. கூபி, பெர்செவரன்ஸ், கிரெஸ்ப்ரூக் என்ற மூன்று அணைகளை நம்பி, அப்போது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்தார்கள்.

நகர மன்றம் 2005 ஜூலையில் அறிவித்த திட்டத்தின் மதிப்பு 6.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். வெட்டாலா கழிவுநீர் நிலையத்திலிருந்து வரும் நீரை நுண்வடிகட்டியிலும், பிறகு ஆர்.ஓ. சவ்விலும் செலுத்தி, புற ஊதாக் கதிர் கொண்டு மீதமிருக்கும் நுண் வேதிப்பொருட்களையும் சிதைத்து, கூபி அணைக்கு அனுப்புவது. அணை நீருடன் கலந்து, வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பையும் ஒருமுறை கடந்துதான் வீட்டுக்கு வரும். நகரின் நீரில் இதன் பங்கு 25 சதவீதம் வரை போகலாம்.

பொறியியலாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆர்.ஓ. கடந்த நீரில் தாது உப்புகள்கூட அநேகமாக மிஞ்சாது. குழாய் அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பை மறுபடி சேர்க்க வேண்டிய அளவுக்கு அது வெறுமையாக இருக்கும். அணை நீரைவிட அந்த நீர் சுத்தம். இந்த உண்மையைத்தான் திட்டத்தார் தங்கள் பெரிய ஆயுதமாக நினைத்தார்கள்.

யாருக்கு எப்போது தெரிந்தது

நகர மன்றமும் மேயர் டயான் தோர்லியும் திட்டத்தின் பின்னால் நின்றார்கள். தேசிய நீர் ஆணையத்துக்கு நிதி விண்ணப்பம் போனது. பொதுமக்களிடம் மூன்று ஆண்டுகள் பேசி, விளக்கி, பழக்குவது என்பது மன்றத்தின் எண்ணம். ஆனால் அந்தப் பேச்சு ஊன்றுவதற்குள் 'கழிவுநீர் குடிப்பதற்கு எதிரான குடிமக்கள்' என்ற பெயரில் ஒரு குழு எழுந்துவிட்டது. 2006-இன் தொடக்கத்திலேயே ஏறக்குறைய 10,000 கையெழுத்துகளைத் திரட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் மத்திய அரசின் சார்பில், பின்னாளில் பிரதமரான மால்கம் டர்ன்புல், 2.29 கோடி டாலர் நிதிக்கு ஒரு நிபந்தனை விதித்தார். ஊர் பொதுவாக்கெடுப்பில் ஒப்ப வேண்டும். மூன்று ஆண்டு வேலைக்கு நான்கு மாதம்தான் கிடைத்தது.

நான்கு மாதத்தில் ஊரை மாற்ற முடியாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய கேடு, முன்மொழிவின் தன்மையே மாறிவிட்டது. விண்ணப்பம் போய்விட்டது, வரைபடம் தயார், தொகை முடிவாகிவிட்டது. அதன் பிறகு ஊர்க் கூட்டத்தில் வந்து கருத்துக் கேட்டால், கேட்பவருக்கு அது தீர்ப்பை வாசித்துக் காட்டுவதாகத்தான் படும். 'எல்லாம் முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட எதுக்குக் கேக்குறீங்க?' என்ற ஒரு கேள்விக்கு எந்த விளக்கப் படமும் பதில் ஆகாது. பீட்டர் சாண்ட்மன் என்ற ஆபத்துத் தொடர்பியல் வல்லுநர் ஆபத்தைக் கேடு, கொதிப்பு என்ற இரண்டின் கூட்டலாகச் சொல்வார். தன்னைக் கேட்காமல் திணிக்கப்பட்டது, தன் கையில் கட்டுப்பாடு இல்லாதது என்றால், கேடு சிறிதாக இருந்தாலும் கொதிப்பு பெரிதாகிவிடும். டுவூம்பாவில் மன்றம் கேட்டுக்குப் பதில் தயாரித்தது. கொதிப்பை அளந்துகூடப் பார்க்கவில்லை.

பெயரும் படமும்

எதிர்ப்புக் குழுவின் பெயரிலேயே வாதம் இருந்தது. விளக்கவுரை தேவைப்படாத பெயர். ஊர் 'பூவூம்பா' ஆகிவிடும் என்ற கேலியும் பரவியது. தமிழ்க் காதுக்கு மணக்கிற இந்த 'பூ' அங்கே குழந்தைகள் மலத்துக்குச் சொல்லும் சொல். திட்டத்தின் பெயரோ 'நீர் எதிர்காலங்கள்'. எந்த ஊரின் எந்தத் திட்டத்துக்கும் ஒட்டவைக்கலாம். வாயில் நுழையாத, மனத்தில் நிற்காத பெயர் வெற்றிடம் மாதிரி. எதிர்த்தரப்பு அதை நிரப்பிக்கொள்ளும்.

அருவருப்பு அறியாமை அல்ல என்பதை உளவியலாளர் பால் ரோசின் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். கிருமி நீக்கிய கரப்பான் பூச்சியை ஒரு கணம் பழச்சாற்றில் தோய்த்து எடுத்தால், அது பாதுகாப்பானது என்று தெரிந்தவர்களும் அதைக் குடிக்கத் தயங்குகிறார்கள். ஒருமுறை பட்டால் என்றும் பட்டதுதான் என்று மனம் கணக்குப் போடுகிறது. 2015-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களிடம் மறுசுழற்சி நீரைப் பற்றிக் கேட்டபோது 49 சதவீதம் பேர் குடித்துப் பார்க்கத் தயார் என்றார்கள், 13 சதவீதம் பேர் முடியவே முடியாது என்றார்கள், 38 சதவீதம் பேருக்கு முடிவில்லை. முன்மொழிபவர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை. அந்த 13-உடன் மல்லுக்கட்டுவதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் வீணாகின்றன. வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் 38 பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

இத்தகைய திட்டங்களின் விளக்கப் படத்தில் அடிக்கடி ஒரு கோளாறு இருக்கும். இடது ஓரத்தில் கழிப்பறை, நடுவில் நான்கு பெட்டிகள், வலது ஓரத்தில் தண்ணீர் தம்ளர், இடையில் ஓர் அம்பு. பெட்டிகளில் என்ன எழுதியிருந்தாலும் கண் இரண்டு ஓரங்களைத்தான் பார்க்கும். எதிராளி செலவு செய்து தயாரிக்க வேண்டிய சுவரொட்டியை நாமே வரைந்து கொடுத்தது போல ஆகும். அதற்காகக் கழிவுநீரை மறைத்துப் பேசினால் அது அதைவிட மோசம். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். படத்தை அணையிலிருந்து தொடங்கிச் சுழற்சியாக வரைய வேண்டும். மேலே இருக்கும் ஊர்கள் ஆற்றில் விட்ட நீரைத்தான் கீழே இருக்கும் ஊர்கள் எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கின்றன என்பதையும் அதில் காட்ட வேண்டும். கழிவுநீர் என்ற சொல்லை, நாமாக, தெளிவாக, ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

25 சதவீதம் என்ற எண்ணும் அப்படித்தான். பொறியாளருக்கு அது உச்ச வரம்பு. வீட்டில் கேட்பவருக்கு, தம்ளரில் கால் பங்கு சாக்கடை. சிங்கப்பூர் தொடக்கத்தில் நீர்த்தேக்கங்களில் கலந்தது நாளின் நுகர்வில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். மீதியைத் தொழிற்சாலைகள் வாங்கின, அதிலும் மிகத் தூய நீர் இல்லாமல் இயங்காத மின்சில்லு ஆலைகள். ஆலை கேட்டு வாங்கும் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பது கடினம்.

ஐந்து வகைக் கேட்போர்

'பொதுமக்கள்' என்று ஒருவர் இல்லை. டுவூம்பா போன்ற ஊரில் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் வேறு இழப்பை எண்ணி வருகிறார்கள்.

சிறு குழந்தை வைத்திருப்பவரும் நோயாளி இருக்கும் வீட்டாரும் மருந்து எச்சம், ஹார்மோன், ஒருநாள் இயந்திரம் பழுதானால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். இவர்களிடம் சராசரி எண்கள் எடுபடாது. பழுது எப்படிக் கண்டுபிடிக்கப்படும், எத்தனை நிமிடத்தில் வால்வு மூடும், மூடும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் வேண்டும். இங்கே பேச வேண்டியவர் அவர்கள் ஏற்கெனவே நம்பும் மருத்துவர். மன்ற உறுப்பினர் பேசினால் எடுபடாது.

வணிகர்களும் வீட்டு மனை வைத்திருப்பவர்களும் உடல்நலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊர்ப் பெயரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். டுவூம்பாவில் ஊர் மதிப்புக் கெடும், வீட்டு விலை விழும் என்ற பேச்சு பலமாக இருந்தது. இவர்களுக்கு ஆய்வக அறிக்கையைக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு எதிர்த்து வாக்களிப்பார்கள். கட்டுப்பாடு அடுத்த நிலைக்குப் போனால் எந்தத் தொழில் எத்தனை நாள் நிற்கும் என்ற கணக்குதான் அவர்கள் மொழி.

மூன்றாமவர் கட்டணம் செலுத்துபவர். மாதம் எவ்வளவு கூடும், வேறு வழிகளில் எவ்வளவு கூடும் என்பது மட்டும் போதும். நான்காமவர் விவரம் தெரிந்த எதிர்ப்பாளர். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியரோ பொறியாளரோ ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். இவரை மேடையில் எதிர்கொள்ளக் கூடாது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே முழு வடிவமைப்பு ஆவணத்தைக் கொடுத்து, பிழை காணச் சொல்ல வேண்டும். பிழை கண்டால் அவர் பெயரைச் சொல்லித் திருத்த வேண்டும்.

ஐந்தாமவர் நிதி தரும் அரசு. அவர் பார்ப்பது அறிவியலை அல்ல, ஊர் எதிர்த்துக் கிளம்புமா என்பதை. 10,000 கையெழுத்துகளைப் பார்த்ததும் நிதியோடு வாக்கெடுப்பு நிபந்தனை வந்ததற்குக் காரணம் இதுவே.

மாற்றக் கூடியது, மாற்றக் கூடாதது

பலதரப்புக்கும் பேசுவது என்றதும் ஆளுக்கொரு வாதம் தயாரிக்கத் தோன்றும். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வணிகர் கூட்டத்தில் 'ஊர் வளரத் தண்ணீர் வேண்டும்' என்றும், சூழல் ஆர்வலர் கூட்டத்தில் 'வளர்ச்சிக்கு இது இல்லை' என்றும் சொன்னால் இரண்டு துண்டறிக்கையும் ஒரே வீட்டு மேசையில் சந்திக்கும். கணவன் ஒரு கூட்டம், மனைவி வேறு கூட்டம் போய் வருவார்கள். கோரிக்கை, எண்கள், ஒப்புக்கொள்ளும் பலவீனங்கள், நிறுத்தும் நிபந்தனை ஆகிய நான்கும் எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எதை முதலில் சொல்வது, யார் சொல்வது, எந்த எடுத்துக்காட்டு, எவ்வளவு நேரம் என்பவற்றை மாற்றலாம்.

பலவீனத்தை நாமே சொல்ல வேண்டுமா என்ற தயக்கத்துக்குப் பழைய ஆய்வு ஒன்று பதில் வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டும் கூட்டாளிகளும் அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்த சோதனை 1949-இல் நூலானது. ஜப்பானுடனான போர் நீளும் என்ற வாதத்தைச் சிலருக்கு ஒருபக்கமாகவும், சிலருக்கு எதிர்வாதங்களையும் சேர்த்தும் ஒலிபரப்பினார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடம் ஒருபக்க வாதம் நன்றாக வேலை செய்தது. எதிர்க் கருத்துடையவரிடமும் அதிகம் படித்தவரிடமும் இருபக்க வாதமே வென்றது. கலவையான அரங்கில் எதைத் தேர்வது? இருபக்கம்தான். ஆதரவாளர் கொஞ்சம் சலித்துக்கொள்வார், ஓடிப்போக மாட்டார்.

அதே திட்டத்தை மறுபடி முன்வைப்பதானால்

முதல் ஆறு மாதம் தீர்வைப் பற்றிப் பேச்சே கூடாது. அணை மட்டத்தை வாரம்தோறும் ஊர் நடுவே பலகையில் எழுதுவது, இந்த வேகத்தில் போனால் எந்த மாதம் எந்தக் கட்டுப்பாடு வரும் என்பதைப் பக்கத்தில் குறிப்பது. பிரச்சினை ஊருடையதாக ஆன பிறகே தீர்வைக் கேட்கும் காது கிடைக்கும்.

அதே ஆறு மாதத்தில் 25 முதல் 30 தனிச் சந்திப்புகள். எதிர்க்கக் கூடியவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். 40 நிமிடத்தில் நாம் பேசுவது 10-ஐத் தாண்டக் கூடாது. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: 'இதனால உங்களுக்கு எது போயிடும்னு தோணுது?' இந்தப் பதில்கள்தான் பிறகு கேள்வி பதில் தாளாகும். அலுவலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்த கேள்விகளுக்கும் இவற்றுக்கும் பாதிகூடப் பொருந்தாது.

அடுத்தது ஒப்பீட்டு அட்டவணை. குறைந்தது நான்கு வழிகள்: வேறு அணையிலிருந்து குழாய், நிலத்தடி நீர், மறுசுழற்சி, எதுவும் செய்யாதிருத்தல். ஒவ்வொன்றுக்கும் எப்போது கிடைக்கும், வீட்டுக்கு என்ன செலவு, எவ்வளவு மின்சாரம், வறட்சி நீண்டால் என்ன ஆகும் என்ற நான்கு கட்டங்கள். கடைசி வழியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. எதுவும் செய்யாதிருப்பது இலவசம் என்ற எண்ணத்தில்தான் பாதி எதிர்ப்பு நிற்கிறது. டுவூம்பா வாக்குச்சீட்டில் இருந்தது ஆம், இல்லை இரண்டே. 'இல்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் விலை எழுதப்படவில்லை. வேறு வழிகள் இருக்கின்றன என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, அவற்றை விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தாள் வாக்காளர் கையில் இருந்திருக்க வேண்டும்.

கூட்ட வடிவம் கவனமாகத் தேர வேண்டியது. 400 பேர், ஒரு மேடை, நடுவில் ஒரு ஒலிவாங்கி என்ற அமைப்பு அந்த 13 சதவீதத்துக்கு நாம் கட்டிக்கொடுக்கும் மேடை. முதல் மூன்று கைதட்டல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் ஊரின் கருத்து என்று தயங்குபவர் எண்ணிவிடுவார். 25 பேருக்கு மேற்படாத சிறு கூட்டங்கள் பல. பேச்சு 12 நிமிடம், கேள்வி 30 நிமிடம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் பின்வரிசையும் கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ஏழு நாளில் பதிலை எழுத்தில் ஒட்ட வேண்டும். எட்டாம் நாள் ஒட்டப்படாத ஒரு பதில், பத்து கூட்டத்தின் நல்ல பெயரைக் கெடுத்துவிடும்.

மாதிரி நிலையம் ஒன்று வேண்டும், சிறியதாக இருந்தாலும். நுண்வடிகட்டிக் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தவரும், வரைபடம் மட்டும் பார்த்தவரும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. சிங்கப்பூர் இதற்கென்றே பார்வையாளர் மையம் ஒன்றைக் கட்டியது. 2002 தேசிய தினத்தில் சுமார் 60,000 பேர் அந்த நீர்ப் புட்டியை ஒன்றாக உயர்த்திக் குடித்தார்கள். தலைவர் ஒருவர் மட்டும் படம் எடுக்கும்போது ஒரு தம்ளர் குடித்துக் காட்டுவது வேறு. நம்பிக்கை இல்லாத ஊரில் அது வித்தையாகவே தெரியும்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம் இந்த வரிசையைச் சரியாகச் செய்த இடம். 2008 ஜனவரியில் நாளொன்றுக்கு 7 கோடி கேலன் திறனுடன் தொடங்கிய மறுசுழற்சி நீர் நிலையத்துக்காக, சுமார் பத்து ஆண்டுகள் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்கள். சங்கம் சங்கமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்கக் கூட்டங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் கைதட்டலோடு விடாமல் ஆதரவுக் கடிதம் கேட்டு வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தவர் பிறகு எளிதில் பின்வாங்குவதில்லை. பல ஊர்களில் ஆதரவு வாய்ச்சொல்லாகவே இருந்து தேர்தல் காற்றில் பறந்தது. 1990-களின் இறுதியில் இதே மாநிலத்தின் சான் டியாகோவில் 'கழிப்பறையிலிருந்து குழாய்க்கு' என்ற ஒரு தொடர் பரவி, திட்டமே நிறுத்தப்பட்டது. ஒரே மாநிலம், ஒரே தொழில்நுட்பம்.

நிறுத்தும் நிபந்தனையும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். எந்த அளவீடு எந்த எண்ணைத் தாண்டினால் விநியோகம் நிற்கும், ஊர்க் குழு கேட்டால் யார் நிறுத்துவார்? தன் கையில் ஒரு பிடி இருக்கிறது என்று தெரிந்தவர் பிடியைப் பெரும்பாலும் இழுப்பதில்லை.

வாக்கெடுப்புக்குப் பின்

டுவூம்பாவின் தாகம் வாக்கோடு தீரவில்லை. பிரிஸ்பேனுக்கு நீர் தரும் வைவன்ஹோ அணையிலிருந்து கிரெஸ்ப்ரூக் அணைக்கு மலையேறும் குழாய் ஒன்று 2010-இல் முடிந்தது. அதன் செலவு 18 கோடி டாலரைத் தாண்டியது. நிராகரித்த திட்டத்தின் மதிப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இதற்கிடையே மாநில அரசு பிரிஸ்பேன் பகுதிக்காகப் பெரிய மறுசுழற்சி நீர் அமைப்பைக் கட்டி, அணைகள் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த நீரை வைவன்ஹோவில் சேர்ப்பது என்று 2008-இல் முடிவெடுத்தது. அப்படி ஒரு வறட்சி வந்தால், 62 சதவீதம் பேர் வேண்டாம் என்ற அதே வகை நீர், கூபி வழியாக வராமல், புதுக் குழாய் வழியாக அந்த ஊருக்கு ஏறும். வெட்டாலா நிலையத்தின் நீரையோ, அருகில் இருந்த நிலக்கரிச் சுரங்கம் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது.